வேடர் என்று நான் சொல்லாத நாள்

என் அண்ணையின் பழைய கோட்டு ஒன்றை ஐயாவுக்குப் போட்டுவிட்டபோது நனைந்த கம்பளி மணமும், கையில் இருந்த பிளேஸ்டோ கடை மட்டன் ரோல்ஸ் மணமும் சேர்ந்து அடித்தது. கோட்டுக் கை நீளம். விரல்களே வெளியில் தெரியவில்லை. "குளிருக்கு நல்லம் புள்ள" என்று சிரித்தார்.

ஐயா மாகாண சபை உறுப்பினர். இலங்கையின் கிழக்குக் கரையோர வேடர்களின் தலைவர். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கொண்டுவந்த முன்னோரின் எலும்புகளைத் திருப்பிக் கேட்கத்தான் லண்டன் வந்திருந்தார். மொழிபெயர்க்கப் போனது நான். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்... வாய் மட்டும் முப்பது வருஷ அனுபவம்.

மியூசியத்தில் ஒரு சின்ன அறை. எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, குறிப்பெழுதப் பேனாவுடன்.

ஐயா எழும்பி நின்றார். "நாங்க வேடர்."

நான் சொன்னேன்: "வீ ஆர் ஹண்டர்ஸ்."

எதை வேட்டையாடுவீர்கள் என்று அந்தப் பெண்மணி ஆர்வமாகக் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன், என் கெட்டித்தனம்!

ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் மீன் புடிக்கிறவன். நீ என்னத்தப் புள்ள சொன்ன?"

சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

"சபையில நான் முதல் பேசின அண்டைக்கு, குறிப்பு எழுதினவர் 'தமிழர்' எண்டு மாத்திப்போட்டார். மரியாதைக்காம். வேடர் எண்ட அந்த ஒரு சொல்லக் குறிப்பில ஏத்த எனக்கு ரெண்டு தேர்தல் போச்சுது. நீ ஒரு மூச்சில அதத் தொழிலாக்கிப்போட்டாய்."

தெரியாமல் சொன்னேன் என்று சொல்லலாம். பொய். தலை சீவி இழுக்காமல் பள்ளிக்கூடம் வெளிக்கிட்டால் "வேடுவிச்சி மாதிரிப் போறாய்" என்று அம்மா ஏசுவா. அந்தச் சொல்லை ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால் ஐயாவின் பெயராகச் சொல்ல எனக்குக் கூச்சம். ஹண்டர் என்றால் கொஞ்சம் கௌரவம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எவ்வளவு திமிர் எனக்கு!

முகம் எரிய எரிய அந்தப் பெண்மணியிடம் சொன்னேன்: பிழை என்னுடையது, அது தொழில் இல்லை, அவருடைய சனத்தின் பெயர். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். வீ... ஈ... டீ... ஏ... ஆர்.

ஐயா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கன காலம் இழுபட்டு, எலும்புகள் ஊர் போய்ச் சேர்ந்தன. அன்றைக்கு ஐயா போன் எடுத்தார்.

"பெட்டியில பேர் சரியா எழுதி இரிக்கி புள்ள."

அவ்வளவுதான். வால்தம்ஸ்டோ பஸ்ஸில் இருந்தபடியே அழுதேன்.

போன கிழமை ஐயா தவறிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

இப்போதெல்லாம் மொழிபெயர்க்க எல்லோரும் போனில் ஆப் வைத்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிடுவது குறைவு. இன்றைக்கு, இப்போது பார்க்கிற வேறு வேலையின் ஷிப்ட் இடைவேளையில், அந்த ஆப்பில் அடித்துப் பார்த்தேன்.

நாங்கள் வேடர்.

'வீ ஆர் ஹண்டர்ஸ்' என்று வந்தது.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது... பாவம், அதுக்கு என்னைப்போலக் கூச்சம் இல்லை, தெரியாது மட்டும்தான். கீழே பிழை திருத்த ஒரு பட்டன் இருந்தது. அமத்தினேன். வீ... ஈ... டீ... ஏ... ஆர்.

ஐயா, இந்தமுறை நீங்கள் திரும்பிப் பார்க்க முதலே திருத்திப்போட்டன்.