கியர்பாக்ஸை மறுபடி இறக்காதவர்

பாலக்கரையில் குத்புதீனின் ஷெட்டுக்கு போர்டு கிடையாது. ‘கிளட்ச் பாய்’ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தத்திலேயே கிளட்ச் பிளேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

போன வருஷம் ஆடி மாதத்தில் பானுமதி தன் காரைக் கொண்டுவந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், ஐம்பத்தொரு வயது, பெண்கள் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். கார், சென்னையில் யாரோ ஓட்டிப் பழசாக்கிய இரண்டு கதவு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அடையவளஞ்சான் வீதியில் அதை நிறுத்தினால், “பையன் ஃபாரின்லேர்ந்து வந்திருக்கானா?” என்று கேட்பார்களாம். “இல்லீங்க, எனக்குத்தான்” என்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

கிளட்ச் தேய்ந்திருந்தது. அதை மாற்றும்போதே ஃப்ளைவீலையும் லேசானதாக மாற்றச் சொன்னார். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் அது. அதை லேசாக்கினால் என்ஜின் சட்டென்று வேகமெடுக்கும். ஆனால், கிளம்பும்போது அசந்தால் வண்டி அணைந்துவிடும். ஏன் அப்படி என்பதைப் பானுமதியே சாக்பீஸ் வாங்கி ஷெட் சுவரில் படம் போட்டுக் காட்டினார்.

கியர்பாக்ஸை இறக்கிய அன்று அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். குத்புதீன் புது ஃப்ளைவீலை ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டினார். ஒருவர் வீடியோ எடுத்தார். அந்தப் பேச்சு மும்முரத்தில் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் தொட்டுத் தடவ வேண்டிய கிரீஸை வழித்து அப்பிவிட்டார். அப்படியே மாட்டி முடுக்கியும் விட்டார்.

ஓட்டிப் பார்த்தபோது, முதல் கியரில் கிளம்புகையில் வண்டி உதறியது. மெலிதாக ஒரு தீய்ந்த வாடை. சிதறிய கிரீஸ் புதுப் பிளேட்டில் பட்டு அதன் பிடிப்பைக் கெடுத்திருக்கிறது என்பது சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்புவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டு நாள் வேலை. வீடியோவைப் பார்த்துவிட்டு அதற்குள் பதினொரு பேர் பாராட்டியிருந்தார்கள். அவர்கள் கண் முன்னால் அதே வண்டியை மறுபடி பிரிப்பதா?

சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: “ஃப்ளைவீல் இப்ப லேசு மேடம். கொஞ்சம் உதறும். உங்க காலு பழகணும்.”

பானுமதி தலையாட்டினார். அவர் படித்திருந்ததும் அதுதானே.

ஒரு வாரம் கழித்து பானுமதி மறுபடி வந்தார். “நான்தான் சரியா விடலை போலிருக்கு பாய். ரொம்ப உதறுது.” குத்புதீன் அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, கிளட்சை நூல் பிடித்தாற்போல் விட்டு, உதறாமல் கிளப்பிக் காட்டினார். “பாத்தீங்களா? எனக்கு உதறலையே.” அதைச் சொன்னபோது அந்தம்மாள் தன் வலது காலையும் இடது காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டதை அவரால் பிற்பாடு மறக்க முடியவில்லை.

மூன்றாம் முறை வந்தபோது, விடிகாலையில் கொள்ளிடக் கரைச் சாலையில் தினம் பழகுவதாகவும், எத்தனை தடவை வண்டி அணைகிறது என்று நோட்டில் எழுதிவைப்பதாகவும் சொன்னார். குத்புதீன், “நல்லதுங்க, பழகுங்க” என்றார்.

புரட்டாசியில் அது நடந்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நின்று கிளம்பும்போது, வண்டி உதறி அணைந்து பின்னால் உருண்டது. பின்னால் மொபெட்டில் இருந்தவர் வையம்பட்டி வீரமலை. மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு கொண்டுவந்தவர். விழுந்ததில் கணுக்கால் முறிந்தது. வலியில் அவர் கத்தினார்: “பொம்பளைக்கு எதுக்குடி இந்த மாதிரி வண்டி?” கூட்டமும் சேர்ந்துகொண்டது. பானுமதி நடுப்பாலத்தில் கைகூப்பி, “தப்பு என்னோடதுதான்” என்று சொன்னாராம். போலீஸ்காரரிடமும் அதையே எழுதிக் கொடுத்தார்.

பத்து நாள் கழித்துக் கார் ஷெட்டுக்கு வந்தது. வேறொருவர் ஓட்டிவந்தார், பானுமதி பின்னாலேயே ஆட்டோவில் வந்தார்.

“நல்ல ஆளாப் பாத்து வித்துக் குடுத்துடுங்க பாய். எனக்கு இது வராது. வயசுக்கு மீறின ஆசை.”

மதியம் சாப்பாட்டுக்குப் போன குத்புதீன் தட்டில் கை வைக்கவில்லை. மனைவி ஜஹானாரா என்னவென்று கேட்க, எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, “அந்தம்மா மூணு தடவை வந்தாங்களா? மூணு தடவையும் இதையேவா சொன்னீங்க?” என்றாள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றே தனியாகக் கியர்பாக்ஸை இறக்கினார். பிளேட்டில் நடுவிலிருந்து ஓரம்வரை கிரீஸ் கோடு கோடாகத் தெறித்துக் கருகியிருந்தது. இரண்டு நாளில் புதுப் பிளேட் போட்டு மாட்டினார். பழைய பிளேட்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் போனார்.

பானுமதி காபி கொண்டுவந்து வைத்தார். அதை எடுக்காமலே பேப்பரைப் பிரித்துக் காட்டி, “தப்பு உங்க கால்ல இல்ல மேடம். என் கையில” என்றார் குத்புதீன்.

பானுமதி பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“முதல் நாளே.”

“நீங்க உதறாம ஓட்டிக் காமிச்சீங்களே, அன்னைக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் குத்புதீனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மெக்கானிக் சொன்னா சரியா இருக்கும்னு உங்களை நம்பினேன். எங்கிட்ட வந்து சொல்லிட்டீங்க, சரி. கால் உடைஞ்சது எனக்கில்லையே. வீரமலைகிட்டப் போய்ச் சொல்லுங்க. போலீஸ்லயும் சொல்லுங்க.”

மறுநாள் காலையில் குத்புதீன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு, மணப்பாறை வழியாகப் போகும் பஸ்ஸில் வையம்பட்டி போனார். வீரமலை வாசலில் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் தன்னை அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார் குத்புதீன். நின்றபடியே சொல்லி முடித்தார்.

வீரமலை ஸ்டூலில் நீட்டியிருந்த காலைத் தடவினார். “அப்ப அந்தம்மா மேல தப்பே இல்லையா?”

“இல்லீங்க.”

“நடுரோட்டுல வச்சு அவ்ளோ பேசிட்டேனே! வாரம் ரெண்டு தடவை போன் பண்ணிக் கால் எப்படியிருக்குன்னு கேக்குறாங்க. நான் ஒரு தடவைகூட முகங்குடுத்துப் பேசல.”

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். “அம்மா, நான் வீரமலை பேசுறேன். அன்னைக்குப் பாலத்துல தகாத வார்த்தை சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க…” போனைக் காதில் வைத்தபடியே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குத்புதீன் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மன்னிப்பில் அவருக்கு இடமில்லை. வீரமலை அவர் பக்கம் திரும்பவே இல்லை. உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. குத்புதீன் நடந்துபோய் பஸ் ஏறினார்.

பானுமதி காரை விற்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்து, ஷெட்டுக்கு வெளியே நின்றே சாவியை வாங்கிக்கொண்டார். முதல் கியரில் வண்டி உதறாமல் கிளம்பியது. அதற்குப் பிறகு அவர் அங்கே வரவில்லை. சர்வீஸுக்குத் தஞ்சாவூர் போகிறார் என்று யாரோ சொன்னார்கள். பாலக்கரை சிக்னலில் சில சமயம் அந்தச் சிவப்புக் கார் நிற்கும். குத்புதீன் பார்த்துவிட்டால் ஷெட்டுக்குள் போய், அது கிளம்பும் சத்தம் அடங்கிய பிறகுதான் வெளியே வருவார்.