ஆரியங்காவுல ஏறி புளியரையில இறங்குனவங்க

அன்னைக்கு ஜீப்புல இருந்தது மூணே பேர். நான், எங்க அக்கா வீட்டுக்காரர் கணேசன் அத்தான், எங்க அம்மா. அப்பா வரல, அவருக்கு முழங்கால்ல சவ்வு தேஞ்சுபோய் வீட்டுல இருந்தார். இதை ஏன் முதல்லயே சொல்லுதேன்னா, இந்தக் கதையைக் கேக்கிற எல்லாரும் கடைசில, "சரிப்பா, பின்சீட்டுல யாரு இருந்தா?"ன்னு கேக்காங்க. பின்சீட்டுல யாரும் இல்ல. எழுதி வச்சுக்கோங்க.

எனக்குப் பேய், பிசாசு, முனி எதுலயும் நம்பிக்கை கிடையாது. எங்க வீட்டுல முதல்ல காலேஜ் வாசல மிதிச்சவன் நான்தான். சுடுகாட்டுப் பக்கம் போகாதன்னு அம்மா சொன்னா, வேணும்னே அந்த வழியா சைக்கிள்ல போயிட்டு வருவேன். அப்படிப்பட்டவன் சொல்லுதேன், நம்புனா நம்புங்க.

மேக்கரையில மலையடிவாரத்துல எங்களுக்கு ஒரு வாழைத்தோப்பு உண்டு. மழை பெஞ்சா அந்தப் பாதையில லோடு ஆட்டோ ஏறாது. வாழைத்தார் அத்தனையும் அப்பாதான் தலையில சுமந்து ரோட்டுக்குக் கொண்டு வருவார். இனி ஒரு தார் தூக்குனாலும் கால் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். ஒண்ணு தோப்பை விக்கணும், இல்ல அந்தச் சேத்துல ஏறுற ஒரு ஜீப் வாங்கணும். ஆலங்குளத்துல ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் ரெண்டு எழுபதுன்னான். அதே மாதிரி வண்டி புனலூர்ல ரெண்டு பதினஞ்சுக்குக் கிடைக்குதுன்னு நான்தான் நெட்ல கண்டுபிடிச்சேன். அம்பத்தஞ்சாயிரம் லாபம்! வீட்டுல எனக்கு ராஜ மரியாதை. அம்மா சங்கிலியைக் கழட்டி பேங்க்ல வச்சா. "எஞ்சங்கிலி போற எடத்துக்கு நானும் வருவேன்"னு கூடவே கிளம்பிட்டா.

ஆர்.சி., இன்சூரன்ஸ், இஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் எல்லாத்தையும் நான் ரெண்டு தடவ படிச்சேன். அம்மா எதையும் படிக்கல, நாலு டயரையும் வாழைத்தார அமுக்கிப் பாக்கிற மாதிரி அமுக்கிப் பாத்தா. வண்டி வித்த சேட்டன், "அம்மே, இது பொன்னு போலத்த வண்டியாணு"ன்னார். "பொன்னு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், நேத்துதான் கழட்டிக் குடுத்தேன்"ன்னா அம்மா. அந்தாளு சிரிச்சுக்கிட்டே ஒரு ஸ்டெப்னியைச் சும்மா குடுத்துட்டார்.

திரும்பி வரும்போது ஒரே கொண்டாட்டம்தான். அத்தான் ஓட்டுதார், நான் கியர் கம்பிக்குப் பக்கத்துல கால ஒடுக்கிக்கிட்டு இருக்கேன், அம்மா ஓரத்துல. சாரல் சீசன் வேற, தென்மலை தாண்டினதும் மூஞ்சில பன்னீர் தெளிச்ச மாதிரி தூத்தல் அடிக்குது. வெளிச்சம் நல்லா இருந்துச்சு, சாயந்தரம்கூட ஆகல. ஆரியங்காவு தாண்டி ஏத்தத்துல ஒரு வளைவு, அங்க பெயர்ப்பலகை இல்லாத ஒரு பழைய நிழற்குடை. அதுக்கு நேரா வந்ததும் வண்டி தன்னால நின்னுபோச்சு. இருமல, குலுங்கல, வீடு வந்தாச்சுன்னு நிப்பாட்டுன மாதிரி அமைதியா நின்னுச்சு.

அத்தான் சாவியத் திருகுதார், செல்ஃப் சுத்துது, இஞ்சின் பிடிக்கல. டீசல் இருக்கு. பானெட்டத் திறந்தா எல்லாம் ஒழுங்கா இருக்கு. ஏத்தம் ஏறாத வண்டி தோப்புக்கு எப்படி ஏறும்? சங்கிலி போச்சு, தோப்பு போச்சு, அம்பத்தஞ்சாயிரம் மிச்சம் பண்ணுன என் மானமும் போச்சு. அத்தான், "மச்சான், நீ படிச்ச பேப்பர்ல இது ஏத்தம் ஏறும்னு போட்டிருந்துச்சா?"ங்காரு. எரிஞ்சு விழலாம்னு வாயத் திறந்தேன்.

அப்பதான் பின்பக்கம் தாழ்ந்துச்சு. ஒரே அடியா இல்ல. ஒரு ஆள் ஏறுனா எப்படி, அடுத்த ஆள் ஏறுனா எப்படி, அப்படி விட்டு விட்டு. அடியில ஸ்பிரிங் பட்டை நறநறன்னுது. திரும்பிப் பாத்தேன், ரெண்டு நீளச் சீட்டும் காலி. பின்தொங்கல் தார்ப்பாய் மட்டும் ஆடுது. ரப்பர் தோட்டத்துல வேலை பாக்கிறவங்க மேல வருமே, அந்த ரப்பர் பாலு காஞ்ச வாடை குப்புன்னு வந்துச்சு. அடுத்து தகரத்துல ரெண்டு தட்டு.

தட், தட்.

எனக்கு மயிர்க்கால் நட்டுக்கிட்டு நிக்குது. அத்தான் ஸ்டீயரிங்க கட்டிப் பிடிச்சிருக்கார். அம்மா மட்டும் சர்வ சாதாரணமா, "மாப்ள, வண்டிய எடுங்க. ரெண்டு தட்டு தட்டுனா போகலாம்னு அர்த்தம்"ன்னா.

எங்க அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் ஏத்திட்டுப் போற ட்ரிப் வண்டியில போய் வந்தவ. ஏறி முடிச்சா ரெண்டு தட்டு, இறங்கணும்னா ஒரு தட்டு, அதுதான் வேலைக்குப் போற பொம்பளைங்க கணக்கு. அத்தான் சாவியத் திருகினார். ஒரே திருகு, இஞ்சின் பிடிச்சுச்சு. பொய் சொல்லல, அதுவரைக்கும் முக்கிக்கிட்டு வந்த வண்டி அதுக்கப்புறம் பாரம் ஏத்தின காளை மாதிரி மலை உச்சியில இருக்கிற கோட்டவாசல் வரைக்கும் ஏறுச்சு பாருங்க!

"அம்மா, பின்னால யாரும்மா?"ன்னேன்.

"ஏலே, எனக்கு மட்டும் என்ன தெரியும்? மூணு பொம்பளைங்க பேசுத மாதிரி இருக்கு. ஒருத்தி மாமியாள ஏசுதா."

"பயமா இல்லையா?"

"மாமியாள ஏசுறவளுக்கு என்னத்துக்குலே பயப்படணும்?"

சொல்லிட்டு அவளே சிரிச்சா. எனக்குப் பேச்சு எதுவும் கேக்கல, ஆனா அந்தச் சிரிப்போட சேந்து பின்னாலயும் ஏதோ குலுங்குன மாதிரி இருந்துச்சு. என்ன சொல்ல, எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அத்தான்தான் பாவம், முருகா முருகான்னு கந்தன் பேரச் சொல்லிக்கிட்டே மலை இறங்கினார். கீழ புளியரை வயல் பச்சையா தெரிய ஆரம்பிச்சதும், தட். ஒரே தட்டு. அத்தான் யாரும் சொல்லாமலே ஓரங்கட்டினார். வண்டி விட்டு விட்டு நிமிந்துச்சு. அம்மா வெளிய தலைய நீட்டி, "பாத்துப் போங்கட்டி, வரப்பு வழுக்கும்"ன்னா.

பெறவு, குத்தாலம் வழியாத்தான் போகணும்னு அம்மாவுக்குப் பிடிவாதம். அங்க எங்க சித்தி பழக்கடை போட்டிருக்கா, அவ ஜீப்பப் பாக்கணுமாம். சித்தி ரம்புட்டான அள்ளிப் பையில போட்டுக்கிட்டே, "ஏக்கா, பின்னால இவ்வளவு எடம் கெடக்கு, சும்மாவா வந்தீக?"ன்னா. அம்மா என்னைப் பாத்தா. "சும்மா வரலட்டி"ன்னா.

குத்துக்கல்வலசையில எங்க வீட்டு முன்னால வண்டி நின்னதும், அப்பா கம்ப ஊனிக்கிட்டு ஓடி வராத குறையா வந்தார். முன்னால ஏறாம நேரா பின்னாலதான் ஏறினார். தாருக்கு எவ்வளவு எடம்னு பாக்கணும்ல. ஏறினவர், "ஏலே, சீட்டு ஏன் ஈரமா இருக்கு? காசு வேற கெடக்கு. இங்கன யாரு இருந்தா?"ன்னார். தார்ப்பாய்ல ஒழுக்கு ஒண்ணும் இல்ல, மறுநாள் நானே தண்ணி ஊத்திப் பாத்தேன்.

காசு என்னன்னா, மூணு பத்து ரூபா காயின், ஒரு அஞ்சு ரூபா காயின். பழைய காலத்துக் காசா இருந்தாகூட, பழைய வண்டி, இடுக்குல கெடந்திருக்கும்னு மனச தேத்திக்கலாம். எல்லாம் இப்ப புழங்குற காசு. அத்தான், "ஊருக்குள்ள எந்தக் கடையிலயும் பத்து ரூவா காயின் வாங்க மாட்டேங்கான், அதான் நம்ம தலையில கட்டிட்டுப் போயிருக்காளுக"ன்னார். அப்பா வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். அந்தச் சேட்டனுக்குப் போன் போட்டேன். முழுசையும் கேட்டுட்டு, "பைசா தந்நில்லே? பின்னே எந்தா குழப்பம்?"னு, காசுதான் குடுத்துட்டாங்களே அப்புறம் என்னங்கிற மாதிரி கேட்டுட்டு வச்சிட்டார்.

இப்ப தார் எல்லாம் ஜீப்புலதான் வருது. அப்பா முன்சீட்டுல சட்டையெல்லாம் தேச்சுப் போட்டு உக்காந்து வாரார், பாக்க கண் கொள்ளாது. எனக்கு உறுத்துறது அந்த அஞ்சு ரூபாதான். அம்மாகிட்ட கேட்டா, "அது அரை டிக்கெட், சின்னப் புள்ளைக்கு"ங்கா. ஆனா அன்னைக்கு அவ காதுல விழுந்தது மூணு பொம்பளைங்க குரல்தான். புள்ளைச் சத்தமே கேக்கலையாம். அவ்வளவு தூரம் மலை இறங்கின புள்ளை ஏன் வாயே திறக்கல? அதை நினைச்சா இன்னைக்கும் பின்சீட்டத் திரும்பிப் பாக்கத் தோணுது.

லாபக் கதையையும் சொல்லிடுதேன். அத்தனை பேப்பரையும் படிச்ச நான், கேரளா நம்பரத் தமிழ்நாட்டுக்கு மாத்தணும்னா இங்க மறுபடி வரி கட்டணும்னு விசாரிக்கவே இல்ல. வரி, என்.ஓ.சி. அலைச்சல், பின்பட்டை மாத்துன கூலி எல்லாம் சேத்தா ரெண்டு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து ஐநூறு. ஆலங்குளத்துக்காரன் சொன்னதவிட அதிகம். அம்மா மட்டும் ஒத்துக்க மாட்டேங்கா. பின்சீட்டுல கெடந்த டிக்கெட் காசக் கழிக்கணுமாம். அவ கணக்குப்படி எங்க ஜீப்போட விலை ரெண்டு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து நானூத்து அறுபத்தஞ்சு ரூபா.