நீலாவதி அக்காவின் சாதா ரோடு

எங்கள் லாட்ஜின் சமையற்கட்டு ஜன்னலில் நின்றால் படகு அணையும் ஜெட்டியிலிருந்து மேலே வரும் பாதை முழுக்கத் தெரியும். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பாதையில் நீலாவதி அக்காவைப் பார்த்து வருகிறேன். படகு வந்ததும் தள்ளுவண்டியோடு கீழே போவார். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், டூரிஸ்டுகளின் பெட்டி என்று எது வந்தாலும் ஏற்றிக் கட்டி, இடுப்பைக் கொடுத்துத் தள்ளி மேலே கொண்டுவருவார். பாதி வழியில் ஒரு கல்லைக் காலால் நகர்த்திச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு மூச்சு வாங்குவார். அந்தக் கல்லை யாரும் எடுக்க மாட்டார்கள். அது அக்காவின் கல்.

அக்காவின் அப்பா மரக் கம்பெனி வேலைக்காக ராமநாதபுரத்திலிருந்து அந்தமானில் இருக்கும் இந்த லாங் ஐலண்டுக்கு வந்தவர். கம்பெனி மூடியதும் கூட இருந்தவர்கள் போர்ட் பிளேயருக்குப் போய் கராச்சர்மா பக்கம் வீடு கட்டிக்கொண்டார்கள். அக்கா போகவில்லை. கப்பல் வேலையில் இருக்கும் பன்னீர்செல்வத்தைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். அவர் கப்பலில் பாதி, வீட்டில் பாதி. அக்காவின் பிழைப்பு தள்ளுவண்டியில்.

போன வருடம் அக்காவால் காலையில் பாயிலிருந்து எழ முடியாமல் போனது. போர்ட் பிளேயரில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் பாரம் தள்ளினால் நடக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். அக்கா திரும்பி வந்து லாட்ஜ் முதலாளி ரவிச்சந்திரனிடம் அதை அப்படியே சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. பேட்டரி வண்டி ஒன்று வாங்கிக்கொள், சாமானோடு கெஸ்டுகளையும் நீயே கூட்டிவா, இரண்டு வேலையும் உனக்குத்தான் என்றார். சீசனுக்குள் வண்டி ஓடவில்லை என்றால் பக்கத்துத் தீவில் ரங்கத்தில் பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் பேசிவிடுவேன் என்றும் சொன்னார்.

அக்கா சும்மா வாங்கிவிடவில்லை. இதை நான் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அவர் விசாரிக்காமல் வாங்கிவிட்டதாகத்தான் பிறகு ஊரே பேசியது. லாட்ஜில் போன் சிக்னல் கிடைப்பது சமையற்கட்டு ஜன்னலில் மட்டும்தான். அங்கே நின்று, ஸ்பீக்கரில் போட்டு, சென்னையில் வண்டி விற்கும் கம்பெனியின் பிரியங்கா என்ற பெண்ணிடம் நாள்கணக்காகப் பேசினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். பார்க்க எல்லா வண்டியும் ஒன்றுபோல இருக்கும், வித்தியாசம் அடியில் இருக்கிற மோட்டாரில்தான் என்றாள். ஒரு வகை, கிளம்பும்போது நன்றாக இழுக்கும், விலை குறைவு. ஆனால் இறக்கத்தில் அது வண்டியைப் பிடித்துக்கொள்ளாது, பிரேக் ஒன்றுதான் துணை. இன்னொரு வகையில் இறங்கும்போது மோட்டாரே வேகத்தை அடக்கும், பேட்டரிக்கும் கொஞ்சம் கரண்ட் திரும்பி வரும். மூன்றாவது ஏசி மோட்டார். ஏறவும் இறங்கவும் அதுதான் நல்லது, விலையும் கூடுதல். மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற கண்ட்ரோலர் பெட்டி ஒன்று உண்டு. அதற்குத் தாங்குகிற பாரம் இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் சூடாகி நின்றுவிடும்.

அக்கா எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டார். உப்புக் காற்றில் மோட்டார் என்ன ஆகும், ஜெனரேட்டர் கரண்டில் சார்ஜ் ஏறுமா, கூரை மழை தாங்குமா. பிரியங்கா கடைசியாக ஒன்று கேட்டாள்.

"உங்க ஏரியா எப்படி ஆன்ட்டி? மலையா, பிளெயினா?"

"மலையெல்லாம் இங்க ஏதும்மா. சாதா ரோடுதான்."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். ரவிச்சந்திரனும் டீ குடித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அந்தப் பதில் விநோதமாகப் படவில்லை. எங்களுக்கு மலை என்றால் திக்லிபூரில் இருக்கும் சேடில் பீக். மேகம் முட்ட வேண்டும், அட்டை கடிக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற பாதையை யார் மலை என்பார்கள்? விடிந்தால் "மேலே போறேன்", "கீழே போறேன்" என்றுதான் பேசுகிறோம். ஆனாலும் அது எங்களுக்கு ரோடு.

சமதளத்துக்கு இது போதும் என்று பிரியங்கா முதல் வகையில் சின்ன மோட்டார் வைத்த வண்டியை அனுப்பினாள். அது கப்பலில் போர்ட் பிளேயருக்கும், லாரியில் ரங்கத்துக்கும் வந்தது. அங்கிருந்து இரண்டு டுங்கிப் படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு, அதன்மேல் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பச்சை வண்டி, வெள்ளைக் கூரை. ஜெட்டியில் பாதி ஊர் நின்றது. அக்கா புதுப் புடவை கட்டியிருந்தார். முன்பக்கம் எலுமிச்சம்பழம் கட்டி, தனியாக ஏறி உட்கார்ந்து மேலே ஓட்டி வந்தார். சத்தமே இல்லை. அவர் இடுப்பில் கை வைக்காமல் அந்தப் பாதையில் மேலே வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் கல்கத்தாவிலிருந்து நான்கு பேர் பெட்டிகளோடு வந்தார்கள். கடைத்தெரு வரை வண்டி நன்றாக வந்தது. பாதை ஏறத் தொடங்கியதும் மெதுவானது. பிறகு இன்னும் மெதுவானது. அக்காவின் கல் கிடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றே போனது. ரப்பர் தீய்ந்த நாற்றம் ஜன்னல் வரை வந்தது. பிரேக்கை அழுத்துவதற்குள் வண்டி பின்னால் உருண்டது. ஒரு பெண் ஹிந்தியில் கத்திக்கொண்டு குதித்தாள். அடி ஏதும் இல்லை. நால்வரும் பெட்டிகளை எடுத்துக்கொண்டு நடந்தே மேலே வந்தார்கள். அக்கா வண்டியை விட்டு இறங்கி, மேலே போய் அந்தக் கல்லை எடுத்து வந்து புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

வண்டி ஆறியதும் மறுபடி கிளம்பியது. அதுதான் கொடுமை. முழுசாகக் கெட்டுப்போயிருந்தால் ஒரு முடிவு தெரிந்திருக்கும். ஒருவரை ஏற்றினால் வந்தது, மூன்று பேர் என்றால் நின்றது. இறக்கத்தில் அதுவாகவே வேகம் எடுத்தது. அக்கா பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார், கீழே போய்ச் சேரும்போது கால் நடுங்கும். டீக்கடை மரகதம், "நீலாவதி, ரெண்டு மாடு கட்டிப் பாரேன், பேட்டரியும் மிச்சம்" என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரங்கத்து மெக்கானிக் வந்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அது உண்மைதான். கெட்டுப்போனது எதுவும் இல்லை. மறுபடி ஜன்னலில் நின்று பிரியங்காவுக்குப் போன் போட்டோம். ஓட்டுகிற விதம் தப்பாக இருக்கும் என்றாள், டயரில் காற்றைப் பார்க்கச் சொன்னாள். பாதையை வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்றாள் கடைசியில். அக்கா நடந்துகொண்டே எடுத்து அனுப்பினார். உடனே போன் வந்தது.

"ஆன்ட்டி, இது மலைதானே?"

"இது ரோடும்மா."

"ரோடுதான் ஆன்ட்டி. மலை மேல போற ரோடு."

அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். எத்தனையோ வருடமாகப் பார்த்த பாதை. கல் கிடந்தது.

மோட்டாரை மட்டும் மாற்றிக்கொடு என்று கேட்டார். மாற்ற முடியாது என்றாள். ஏசி மோட்டாருக்கு அதற்கான கண்ட்ரோலர் வேண்டும், இந்தப் பெட்டி அதோடு ஒத்துவராது. பின்சக்கரத்துக்குப் போகும் பல்சக்கரமும் வேகத்துக்காக வைத்தது, ஏற்றத்துக்கானது இல்லை. அதனால் மூன்றும் வர வேண்டும், மாட்ட ஆளும் வர வேண்டும். நீங்கள் மலை இல்லை என்று சொன்னதால் கம்பெனி பொறுப்பேற்காது. அவள் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தப்பட்டு என்ன செய்ய? அக்கா போனை அணைத்தார்.

பன்னீர்செல்வம் லீவில் வந்தபோது தன் சேமிப்பைப் போட்டு மூன்றையும் ஆர்டர் செய்தார். கப்பலில் சரக்குக்கு இடம் கிடைக்காமல் அவை இன்றுவரை வரவில்லை. சீசனும் தொடங்கிவிட்டது.

அக்கா ரவிச்சந்திரனிடம் போய், ஏற்றம் தொடங்கும் இடம் வரை கெஸ்டுகளைக் கொண்டுவந்து விடுகிறேன், அங்கிருந்து அவர்கள் நடக்கட்டும் என்று கேட்டார். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஏத்தத்துக்காகத்தானே நீலாவதி வண்டியே கேட்டேன்?"

கெஸ்டுகள் ரங்கத்துக்காரரின் வண்டிக்குப் போனார்கள். சாமான் மட்டும் அக்காவுக்கு. பச்சை வண்டி கடைத்தெருவோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே தள்ளுவண்டிதான். டாக்டர் சொன்னதை நான் ஒருமுறை மெல்ல ஞாபகப்படுத்தினேன். "அவரு வந்து தள்ளுவாரா?" என்றார் அக்கா.

போன வாரம் வேறொரு தீவில் இருக்கும் ஹட் பேயிலிருந்து கோகுல் என்ற ஒருவர் அழைத்தார். பேட்டரி வண்டி வாங்கப்போகிறாராம், அக்காவிடம் விசாரிக்கச் சொல்லி யாரோ நம்பர் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கலர் நல்லது, எத்தனை சீட் என்று கேட்டுக்கொண்டே போனார். அக்கா, ரோடு எப்படி என்று கேட்டார்.

"நம்ம ரோடு சாதா ரோடுதான் அக்கா."

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "அரே, சாதா ரோடுன்னு எங்கிட்ட சொல்லாத. ஒரு குடம் தண்ணியை ரோட்டுல ஊத்து. எங்க ஓடுது, எவ்வளவு வேகமா ஓடுதுன்னு வீடியோ எடு. அதை மெயின்லேண்டுக்கு அனுப்பிட்டு அப்புறம் கலரைப் பத்திப் பேசு."

கீழே படகு ஊதியது. அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் நான்கு சிலிண்டர்களோடு தள்ளுவண்டி பாதையில் தெரிந்தது. கல் கிடந்த இடத்தில் நின்றது. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. அக்கா குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கி ஜன்னலைப் பார்த்தார். கூப்பிடவில்லை.

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே போனேன். கல்லை எடுத்தேன். இருவரும் தள்ளினோம்.