சிவப்பு உறை போட்ட டாங்க்

மருந்தடிக்கிற டாங்கின் மூடியைத் திறந்ததும் டெட்டாலும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை... குப்பென்று மூக்கில் ஏறியது. கல்யாணமான முதல் வருஷத்தை நினைத்தால் எனக்கு மல்லிகைப்பூ வாசமெல்லாம் வராது. இந்த வாடைதான் வரும். சிரிக்காதீங்க!

பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் அப்பா எனக்கென்று கொஞ்சம் கரிசல் நிலம் கொடுத்திருந்தார். பருத்தி போட்டேன். விற்றுத் தையல் மெஷின் வாங்க வேண்டும், அதுதான் ஆசை. காய்ப்புழு அண்டாத புது விதை என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். புழு வரவில்லைதான்... ஆனால் அசுவினிப் பூச்சி வந்து இலைக்கடியில் அப்பிக்கொண்டது. அந்த விதைச் செடியிலேயே ஊறியிருக்கிற நஞ்சு புழுவுக்கு மட்டும்தானாம். சாறு உறிஞ்சுகிற பூச்சியை ஒன்றும் செய்யாது.

வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். விவசாயம் சுத்தமாகத் தெரியாது. ஆனால் என் முகம் வாடினால் அவருக்குப் பொறுக்காது. லீவு போட்டு, ஏரலில் இருக்கும் சேக்காளியிடம் ஸ்பிரேயர் டாங்கை இரவல் வாங்கிவந்து, வேப்பெண்ணெய்க் கரைசலை அவரே அடித்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். கொழுந்தெல்லாம் சுருங்கி, விரல் விரலாக நீண்டு... பருத்தி இலை மாதிரியே இல்லை.

"ஏளா, இது என்னமோ புது நோவு. மருந்து வாங்கிட்டு வரட்டா?" என்று பதறினார்.

எனக்கு என்னவோ தோன்றி, இன்னும் திருப்பிக் கொடுக்காத டாங்கைத் திறந்தேன். அந்த வாடை!

"ஏங்க, உங்க சேக்காளி இதுல என்னத்த அடிச்சாரு?"

"நெல்லுக்குக் களைக்கொல்லி அடிச்சேன்னு சொன்னான்..."

"கழுவுனீங்களா?"

"தண்ணி ஊத்திக் குலுக்கிக் கொட்டுனேனே..."

நெல்லை ஒன்றும் செய்யாத மருந்து அது. பருத்திக்கோ, டாங்கின் அடியிலும் குழாயிலும் ஒட்டியிருக்கிற மிச்சமே போதும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைவிட மோசம். அன்றைக்குச் சாப்பிடவே இல்லை, பாவம்.

ஷிப்ட் முடிந்ததும் தினமும் பைக்கில் வந்து செடியைப் பார்ப்பார். ஒரு நாள் "ஏளா, இங்கன வா!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால், உச்சியில் அகலமாக ஒரு புது இலை! செடி பிழைத்துக்கொண்டது. காய் பிந்தித்தான் பிடித்தது, மகசூலும் பாதிதான். மெஷின் அடுத்த வருஷம்தான் வந்தது. அதில் முதலில் என்ன தைத்தேன் தெரியுமா? நாங்களே வாங்கிய களைக்கொல்லி டாங்குக்கு ஒரு சிவப்பு உறை. பூச்சிமருந்துக்கு வேறு டாங்க்.

அன்றிலிருந்து எந்த மருந்து கலக்கும் முன்பும் டாங்கை என் மூக்கருகே நீட்டுவார். "மோந்து சொல்லு தாயி." இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட விட்டதில்லை.

போன வாரம் பக்கத்து மக்காச்சோளக் காட்டில் ட்ரோன் வைத்து அதே களைக்கொல்லியை அடித்தார்கள். கடல்காற்று எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. எங்கள் பருத்தி இப்போதுதான் கொழுந்து விட்டிருக்கிறது. வரப்பில் ஓடினார் மனுஷன்.

"ஏலே, காத்து இங்கன அடிக்கு, செத்த நிறுத்துங்கலே!"

உடனே நிறுத்தினார்கள், நல்ல பிள்ளைகள். ஆனால் அதற்குள் எவ்வளவு வந்ததோ...

மூச்சு வாங்க என் பக்கம் திரும்பினார். "அப்போ கழுவ ஒரு டாங்காவது இருந்துச்சு. இப்போ எதைக் கழுவ?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் வரப்பிலேயே நின்று காற்றை மோந்து பார்த்தோம்.