அசல் மாதிரியே ஓர் ஆம்ப்

என் வீட்டுக்காரர் கிட்டார் ஆம்ப் செய்கிறவர். செய்தவர் என்றுதான் இப்போது சொல்ல வேண்டும். ரேடியோ, இஸ்திரிப் பெட்டி என்று எது வந்தாலும் பழுது பார்த்துக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தார். ஒருநாள் பழைய காலத்து வால்வு ஆம்ப் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கிற பெட்டி அது. சரிசெய்து சத்தத்தைக் கேட்ட அன்றே மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

மெதுவாக மீட்டினால் அந்தப் பெட்டி தெளிவாகப் பேசும். அழுத்தி அடித்தால் தொண்டை கரகரத்துக் கத்தும். அந்தக் கரகரப்புக்குத்தான் இந்தப் பாடு. புதுப் பெட்டிகள் எல்லாம் எப்போதும் ஒரே குரலில் ஒப்பிக்கின்றன என்று திட்டுவார். எனக்கு இரண்டும் இரைச்சல்தான். என் தம்பி வாசித்தால் மட்டும் கொஞ்சம் புரியும்.

சமையலறையை ஒட்டின அறையில் அந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி செய்ய ஆரம்பித்தார். அதே மரம், அதே டிரான்ஸ்ஃபார்மர், ஒயரின் நிறம்கூட அதே. மேலே துணி ஒட்டுவது என் வேலை. மூலையில் மடிப்பு துளி பிசகினாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பிய்க்கச் சொல்வார். வாங்க வருகிறவர்கள் அவரையும் மிஞ்சினவர்கள். வக்கீல், டாக்டர், கம்பெனி அதிகாரி. வாசித்துப் பார்ப்பதற்கு முன்பே பின்பக்கத்தைத் திறந்து, டார்ச் அடித்து, போனில் இருக்கும் அசல் பெட்டியின் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். அவர்களுக்கெல்லாம் இவர் ஓதிய மந்திரம் ஒன்றுதான். ஒரு சின்ன பார்ட் மாறினாலும் சத்தம் மாறிவிடும்.

அந்தப் பழைய பெட்டிக்கு இரண்டு பின் பிளக்தான், எர்த் கிடையாது. கரண்ட் வரும் ஒயருக்கும் உள்ளே இருக்கும் தகர உடம்புக்கும் நடுவில் ஒரு கெபாசிட்டர் வேறு. இரைச்சலைக் குறைக்க அந்தக் காலத்தில் வைத்தது. அது பழுதானால் கரண்ட் நேரே தகரத்துக்கு வரும், அங்கிருந்து கிட்டார் கம்பிக்கு வரும். இவர் அதையும் விடவில்லை. ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதுதான்.

ஒவ்வொரு பெட்டியையும் முதலில் வாசித்துப் பார்ப்பவன் என் தம்பி. நான் தூக்கி வளர்த்தவன். ஹோட்டலில் வாசித்துப் பாடிப் பிழைத்தான். சோறு வைத்து நாலு தரம் கூப்பிட்டாலும் "இரு அக்கா, மாமா ஏதோ மாத்தறாரு" என்பான். நன்றாக வந்த பெட்டி ஒன்றை அவனே எடுத்துக்கொண்டு போனான். ஒரு சாயங்காலம், ஹோட்டல் மேடையில் இடது கை கம்பிகள் மேல் இருக்க, பாடுவதற்காக மைக்கில் வாயை வைத்தான். கம்பியிலிருந்த கரண்ட் அவன் வழியாக மைக்கின் எர்த்துக்குப் பாய்ந்தது. உடம்பு விறைத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தார்களாம்.

நான் திட்டாத திட்டு இல்லை. உங்கள் கையால் செய்த பெட்டிதானே என்று கேட்டேன். அவர் தம்பியின் பெட்டியைத் தரையில் கவிழ்த்துத் திறந்தார். கெபாசிட்டர் வெடித்துக் கருகியிருந்தது. அதே பார்ட் இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறது என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. இன்னொரு வீட்டில் இழவு விழுவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். நானும் கூடவே போனேன். அவர் வாயில்லாப் பூச்சி, யாராவது இரண்டு வார்த்தை அதட்டினால் திரும்பி வந்துவிடுவார்.

சிலர் உடனே பெட்டியைத் திறக்கக் கொடுத்தார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டு கொடுத்தார்கள். கடைசியாக மிஞ்சினவர் ஒரு பல் டாக்டர். சுவர் முழுக்க கிட்டார் மாட்டியிருந்த அறையில் உட்காரவைத்தார். தன் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்றார்.

"ஒரு பார்ட் மாத்தினாலும் சத்தம் மாறிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் பேசினேன். "அந்த பார்ட்தாங்க என் தம்பியைக் கொன்னுது."

டாக்டர் வருத்தம் தெரிவித்தார். தான் பாடுவதில்லை, அதனால் மைக் பக்கமே போவதில்லை என்றார். எழுந்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அப்போது என் வீட்டுக்காரர் பெட்டியைக் கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொன்னார். டாக்டர் வாசித்தார். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சத்தம் மங்கிப் போச்சே டாக்டர். அந்த பார்ட்டும் ஒயரும் பழசானா இப்படித்தான் அடைச்ச மாதிரி வரும்."

உயிர் போகும் என்றபோது அசையாத டாக்டர் தானே ஓடிப்போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தார். இவர் கெபாசிட்டரின் ஒரு காலை வெட்டி, பார்வைக்கு அதே இடத்தில் நிற்கவிட்டார். எர்த்தோடு மூன்று பின் ஒயர் போட்டார். டாக்டர் மறுபடி வாசித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இப்போதுதான் அசல் மாதிரி இருக்கிறது என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகு கேட்டேன், நிஜமாகவே சத்தம் மாறியதா என்று.

"இல்ல. அதுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல."

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வைக்கும்போதே தெரியும். திறந்து பாக்கறவங்க அது எங்கேன்னு கேப்பாங்களேன்னு வெச்சேன். புது பார்ட்தானே, கெட்டுப் போகாதுன்னு நெனச்சேன்."

பஸ் வந்தது. அடுத்த பஸ்ஸில் வாருங்கள் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் ஏறினேன்.