காதுக்காரியின் புதன்கிழமை

திரைச்சீலை தைக்கும் பட்டறையில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். மெஷினில் உட்கார்ந்ததுமே ஒரு காதில் இயர்போனைச் செருகிவிடுவாள். பாட்டெல்லாம் இல்லை, ஒலிப்புத்தகங்கள். அதிலும் கதை என்றால் தொடமாட்டாள். எரிமலை, தேனீ, உப்பு, இடிந்து விழுந்த பாலங்கள் என்று உலகத்தில் உள்ளதும் நடந்ததும் மட்டும்தான்.

புத்தகத்தைவிட அதை வாசிக்கிற குரலைப் பற்றித்தான் அவளுக்கு அபிப்பிராயம் அதிகம். பக்கத்து மேஜையில் துணி வெட்டும் அண்ணன் தினமும் அவள் வாயைக் கிளறுவார்.

"இன்னிக்கு யாரும்மா மாட்டினாங்க?"

"ஒருத்தர் நிலநடுக்கத்தைப் பத்தி வாசிக்கிறாருண்ணே. செத்தவங்க கணக்கு வந்தாலே அவருக்குத் தொண்டை தழுதழுக்குது. விஷயத்தைச் சொன்னா போதாதா? அழறதை நாம பாத்துக்க மாட்டோமா?"

எழுதியவரே வாசித்தால் அவளுக்குப் பிடிக்கும். தடுமாறினாலும் பரவாயில்லை, எந்த வரியில் அவருக்கே சந்தேகம் என்பது குரலில் தெரிந்துவிடும் என்பாள். எல்லாவற்றையும் ரகசியம் போலக் கிசுகிசுப்பவர்களும், அத்தியாயம் முடியும்போது வேண்டுமென்றே குரலைத் தாழ்த்துபவர்களும் அவளிடம் தப்ப முடியாது. புத்தகம் கேட்கும் செயலியில் அவள் எழுதும் கருத்தைப் படித்துவிட்டுப் புத்தகம் தேர்ந்தெடுக்கிறவர்கள்கூட இருந்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பழக்கம் மெல்ல வீட்டுக்குள்ளும் வந்தது. கணவனின் அக்கா அவர்களோடு வந்து தங்கியதிலிருந்து இன்னும் கூடிப்போனது. நாத்தனார் கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. தம்பி வீட்டில் தான் இருப்பதே தெரியக்கூடாது என்பதுபோலக் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துவார். ஆனால் சமையலறையில் ஆள் கிடைத்துவிட்டால் பேச்சு ஓயாது. ஏற்ற இறக்கம் இல்லாத குரல். நடுவில் தொடங்கி, முன்னால் போய், எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்கும் பேச்சு. காதுக்காரி முடியை இடது காதின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுவாள். இடையிடையே "ம்" போடுவாள். எந்த இடத்தில் போட வேண்டும் என்பது அவளுக்குக் கைவந்த கலை.

ஒரு புதன்கிழமை கணவன் பட்டறைக்குப் போன் செய்தான். அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார், மணிக்கட்டு முறிந்துவிட்டது என்றான். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கண் பரிசோதனைக்குத் தனியாகப் போயிருக்கிறார் நாத்தனார். சொட்டு மருந்து விட்டதில் பார்வை மங்கி, படி எது தரை எது என்று தெரியவில்லை.

"கூட ஒரு ஆள் வரணும்னு கண்ணாஸ்பத்திரியில முன்னாடியே சொல்லியிருக்காங்க," என்றான் கணவன். "அக்கா உன்கிட்டயும் சொல்லலையா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! சொல்லியிருந்தா லீவு போட்டுட்டு வந்திருக்க மாட்டேனா?"

உண்மை என்று நம்பித்தான் சொன்னாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்த நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தம்பியிடம், "ஆமாடா, நான்தான் சொல்ல மறந்துட்டேன்," என்றார்.

"சின்னக் குழந்தையாக்கா நீ? எத்தனை தடவை சொல்றது?" என்று அவன் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டான். நர்ஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். நாத்தனார் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

சில நாள் கழித்துப் பட்டறையில், பாலங்களைப் பற்றிய புத்தகத்துக்குக் கருத்து எழுதுவதற்காக ஒரு பகுதியை மறுபடி ஓடவிட்டாள். பொறியாளர் ஒருவர் தூணில் விரிசலைக் கண்டு மேலதிகாரியிடம் சொல்லும் இடம். கேட்ட குரலைத் திரும்பக் கேட்டால், முதலில் கேட்ட இடமும் சேர்ந்து ஞாபகம் வரும் அவளுக்கு. இந்த முறை சமையலறை வந்தது. தொட்டியில் சோப்பு நுரை. பக்கத்தில் நாத்தனார், துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"புதன்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போகணும்மா. கூட ஆள் வரணுமாம். உன்னால வர முடியுமா?"

"ம்... சரி அண்ணி."

அதற்குப் பிறகு தான் செய்ததும் நினைவுக்கு வந்தது. நாத்தனார் பேசியதால் புத்தகத்தில் ஒரு வரி தவறிப்போய்விட்டதே என்று கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டிருந்தாள்.

"என்னம்மா, தையல் கோணிக்கிட்டுப் போகுது," என்றார் வெட்டுகிற அண்ணன்.

அவள் மெஷினை நிறுத்தினாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நாத்தனார் ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தார். காதுக்காரி எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கலை. உங்களைப் பொய் சொல்ல வெச்சுட்டேன்."

"தெரியும்மா. உன் காதுல அது இருந்ததைப் பார்த்தேன்."

"அப்ப அதைக் கழட்டுடின்னு சொல்லியிருக்கலாமே!"

"உன் வீடு. கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு." துணியின் மடிப்பை நீவினார். "நீ சரின்னு சொன்னியே, வந்துருவேன்னு கொஞ்ச நேரம் வாசல்லயே உட்கார்ந்திருந்தேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அன்று மாலையே கணவனிடமும் சொன்னாள். அவன் எழுந்துபோய் அக்காவின் அறை வாசலில் நின்று, "திட்டிட்டேன்க்கா," என்று மட்டும் சொன்னான். அவளிடம் அவன் பழையபடி பேசச் சில நாள் ஆனது. மணிக்கட்டு கூடியது, ஆனால் சற்றுக் கோணலாக. நாத்தனார் தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கும்போதெல்லாம் அவள் பார்வையைத் திருப்பிக்கொள்வாள்.

கைக்குப் பயிற்சி கொடுக்குமிடத்துக்கு வாரம் தவறாமல் அவளே கூட்டிப் போனாள். ஒருநாள் பஸ்ஸில் நாத்தனார் வழக்கம்போல் நடுவிலிருந்து ஆரம்பித்தார். கணவர் போன அன்று காலையில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டதைச் சொன்னார். அவர் சட்டைக்குப் பித்தான் தைத்துத் தராமல் வீம்புக்கு இருந்ததைச் சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காதுக்காரி அவர் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு நாள் இதை ஏன் அண்ணி சொல்லவே இல்லை?"

நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்தார். "போன வருஷமே சொன்னேனேம்மா."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. அவள் அந்தக் கோணல் மணிக்கட்டின்மேல் கையை வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணி. முதல்லேர்ந்து."