ஏழாம் நம்பர் சீட்டு

அப்துல் மாலிக்கின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று அவருக்கு. இன்னொன்று, கேள்வி கேட்கும் ஆசையோடு கிளம்பி வந்துவிட்டுப் பேனாவை வீட்டில் மறந்துவிடுகிற மகாஜனங்களுக்கு. அந்த இரண்டாவது பேனா பல முறை திரும்பி வராமலே போயிருக்கிறது. அதற்காக அவர் யாரையும் துரத்திப் பிடித்ததில்லை.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற சாலையில் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், பெரிய ஹாலுக்கு மாலிக்தான் எல்லாம். சாவி, ஏசி, மைக், மேடையில் வைக்கிற பெயர்ப் பலகை, விருந்தாளிக்குத் தண்ணீர் பாட்டில் எல்லாம் அவர் பொறுப்பு. சதுரங்கப்பட்டினத்தில் ஒரு ஷாமியானா கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், இந்தப் பல்கலைக்கழகத்தின் திறப்பு விழாவுக்கு நாற்காலி போட வந்தார். விழா முடிந்து நாற்காலிகள் திரும்பிப் போயின, அவர் போகவில்லை. எல்லோரும் அவரை 'ஹால் இன்சார்ஜ்' என்பார்கள். காகிதத்தில் அவர் தற்காலிகப் பணியாளர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இன்னும் ஆறு மாதம் இருக்கலாம் என்று ஒரு கடிதம் வரும். பதினேழு வருஷம் தற்காலிகமாகவே இருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும், அது அவரிடம் இருந்தது.

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அந்த ஹாலில் 'மக்கள் மேடை' நடக்கும். இட ஒதுக்கீடு, தொகுதி மறுவரையறை, ஆணவக் கொலை என்று அந்தந்த நேரத்தில் நாடு எதைப் பற்றிச் சண்டை போடுகிறதோ அதைப் பற்றி யாராவது வந்து பேசுவார்கள். சுற்று வட்டாரத்து ஜனங்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். நிர்வாகத்துக்கு ஜனநாயகத்தின் மேல் அப்படியொன்றும் காதல் கிடையாது. தரவரிசைக்கு ஆய்வு செய்ய வருகிறவர்களிடம், நாங்கள் மக்களோடு பழகுகிறோம் என்று போட்டோ காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஜனங்களிலும் பாதிப் பேர் ஏசிக்காகவும் சமோசாவுக்காகவும் வருகிறவர்கள். எதற்காக வந்தாலும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் ஏதோ கொஞ்சம் காதில் ஏறத்தானே செய்யும்.

கேள்விகளைச் சீட்டில் எழுதித்தான் தர வேண்டும். ஒரு தடவை ஒரு வாத்தியாரின் சீட்டு மேடையில் எங்கோ நழுவிப் போய், அந்த மனுஷர் ஹால் வாசலில் நின்று கத்தித் தீர்த்துவிட்டார். அன்றிலிருந்து மாலிக் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். சீட்டு கைக்கு வந்ததும் மேல் மூலையில் ஒரு நம்பர் போட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டு, தந்தவரிடமும் சொல்லிவிடுவார். "உங்களுது நாலு சார்." மேடையில் நம்பர் சொல்லித்தான் படிப்பார்கள். ரேஷன் கடை டோக்கன் மாதிரி, தன் முறை எப்போது என்று அவரவருக்குத் தெரியும்.

எழுத வராதவர்களுக்கு அவரே பக்கத்தில் குந்தி எழுதியும் கொடுப்பார். அப்படி மாதா மாதம் எழுதி வாங்குகிற ஒருவர் துரை. பல்கலைக்கழகத்துக்குப் பின்பக்கத்து ஊர்க்காரர், அறுபது தாண்டிய விவசாயி, இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுவார், அதற்கு மேல் பேனா நகராது. மூன்றாவது வரிசையின் ஓரத்து நாற்காலியில், தோளில் பச்சைத் துண்டோடு, பேச்சாளர் தும்மினால்கூட கவனித்துக் கேட்பார். சமோசாவைப் பாதி தின்று, மீதியைத் துண்டில் முடிந்துகொண்டு போவார். எட்டு வருஷமாக மாலிக்குக்கும் அவருக்கும் இப்படியொரு பழக்கம்.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை, காலையிலேயே பதிவாளர் சம்பத் மாலிக்கைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க மாலிக்."

மாலிக் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். பதினேழு வருஷத்தில் அந்த அறையில் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை.

"இன்னைக்கு ஆபிரகாம்னு ஒருத்தர் பேசுறார். பாசனத்துறையில இன்ஜினீயரா இருந்து ரிட்டயர் ஆனவர். 'ஏரிகள் யாருக்குச் சொந்தம்' தலைப்பு. மேடை நடத்துற சுஜாதா மேடம் என்னைக் கேக்காம கூப்பிட்டுட்டாங்க, இனிமே நிறுத்த முடியாது. அவர் பொதுவாப் பேசிட்டுப் போயிடுவார். எனக்கு அந்தப் பச்சைத் துண்டுப் பெரியவர்தான் பயம்."

துரை என்ன கேட்பார் என்று மாலிக்குக்கும் தெரியும்.

"அவர் சீட்டு மேடைக்கு வரக் கூடாது. பத்திரிகைக்காரங்க வர்றாங்க. சீட்டெல்லாம் உங்க கையிலதானே இருக்கும்?" சம்பத் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். மாலிக்கின் பெயர் போட்ட நிரந்தர ஆணை. "நாளைக்குக் கையெழுத்து ஆயிடும். உங்க பொண்ணுக்கு இங்க நர்சிங் கேட்டிருந்தீங்க இல்ல?"

கேட்டிருந்தார். மூன்று மாதமாக அதைத்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். நிரந்தர ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணமில்லாமல் படிப்பு உண்டு. மகள் ஷஃபானா பிளஸ் டூ முடித்துவிட்டு, நர்சிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். விண்ணப்பம் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். மாலிக் தலையை ஆட்டினார். ஆட்டினது சரி என்பதற்கா, புரிந்தது என்பதற்கா என்று அவருக்கே தெரியவில்லை. சம்பத் சரி என்றே எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் சோற்றைத் திறந்து வைத்தும் இறங்கவில்லை. மேடைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் லுஹர் தொழுதார், எத்தனை ரக்அத் முடிந்தது என்பது பாதியில் மறந்து போய் மறுபடி தொழுதார். நிரந்தர ஆணை பற்றிக் காலையிலேயே சொல்லியிருந்ததால், அதற்குள் மனைவி ருக்சானா இரண்டு முறை போன் அடித்துவிட்டாள்.

"இன்னாங்க, கையெழுத்து ஆயிடுச்சா? ஷஃபானா போனையே பாத்துகினு குந்திகினு கீறா."

"நாளைக்கு ஆவும்."

"நாளைக்குக் கண்டிப்பா ஆயிடும்ல?"

"ஆவும்னு சொல்றன்ல, வையி." எரிந்து விழுந்த பிறகு, ஏன் எரிந்து விழுந்தோம் என்று அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டார்.

மூன்று மணிக்குப் பேச்சு ஆரம்பித்தது. ஆபிரகாமுக்கு எழுபது வயதுக்குக் குறையாது, மெதுவாகப் பேசினார், ஆனால் ஒரு வார்த்தை வீணாகப் போகவில்லை. ஏரி என்றால் கரையும் தண்ணீரும் மட்டும் இல்லை, தண்ணீர் வரும் கால்வாயும் சேர்ந்ததுதான் ஏரி என்றார். மூன்றாவது வரிசையில் துரை நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். முன் வரிசையில் சம்பத் கால் மேல் கால் போட்டு, புன்னகை மாறாமல் உட்கார்ந்திருந்தார்.

பேச்சு முடிந்ததும் மாலிக் சீட்டு வாங்க வரிசை வரிசையாகப் போனார். துரையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் நேரம் முடிந்துவிடும் என்று மனசுக்குள் ஒரு கள்ளக் கணக்கு. துரை விடவில்லை, கையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா பாய், என்னியத் தாண்டிப் போற? மூஞ்சி ஏன் இப்பிடி வாடிக் கீது, ஒடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் இல்ல அண்ணாத்த. இன்னைக்கி கேள்வி நெறைய வந்திடுச்சி. அடுத்த மாசம் கேக்கலாமே."

"அடுத்த மாசம் ஏரி இன்ஜினீரு வருவாரா? எய்து பாய். 'எங்க ஊரு ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வா, இந்த ஹாலு நிக்கிற எடத்து வழியாத்தான் வந்துச்சி. இப்ப அந்தக் கால்வா எங்க சார்?' அவ்ளோதான். மூணு வருசமா ஏரி ரொம்பல பாய். நெலம் சும்மா கெடக்குது."

மாலிக் எழுதினார். வேறு மாதிரி எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. படிக்கத் தெரியாதவரிடம் அப்படிச் செய்வது இன்னும் கேவலம் என்று கை மறுத்தது. எழுதி முடித்ததும் அதே கை, எட்டு வருஷப் பழக்கத்தில், மூலையில் ஏழு என்று போட்டு வட்டமும் போட்டது. வாய் தன் பாட்டுக்குச் சொன்னது: "உன்னுது ஏழு அண்ணாத்த."

பக்கத்து வரிசைகளில் இன்னும் நான்கு சீட்டு சேர்ந்தது. அதற்கெல்லாம் எட்டு, ஒன்பது என்று நம்பர் போட்டு, தந்தவர்களிடமும் சொல்லி, மேடைப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் போனார். ஏழாவதை உருவினார். மடித்துச் சட்டைப் பையில் இரண்டு பேனாக்களுக்கும் பின்னால் சொருகினார். மீதிச் சீட்டுகளைப் பேராசிரியை சுஜாதாவின் கையில் கொடுத்துவிட்டு மேடைப் படியில் இறங்கும்போதுதான் உறைத்தது. நம்பர்! சுஜாதா மேடம் நம்பர் சொல்லாமல் ஒரு கேள்வியைக்கூடப் படிக்க மாட்டார். துரைக்கு எழுத வராதே தவிர எண்ண வரும்.

திரும்பிப் போய் வாங்கலாம் என்றால் மேடம் மைக்கைக் கையில் எடுத்துவிட்டார். மாலிக் சுவரோரம் போய் நின்றார். கேள்வி எண் ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு பதிலும் நீண்டுபோக வேண்டும், அப்படியே மணி ஐந்தாகிக் கூட்டம் கலைய வேண்டும் என்று அல்லாவிடம் கேட்டார். இதைக் கேட்க வெட்கமாகவும் இருந்தது. ஆபிரகாமோ எல்லாவற்றுக்கும் இரண்டே வாக்கியத்தில் பதில் சொன்னார். துரை விரல் மடக்கிக்கொண்டிருந்தார். ஆறாவது முடிந்ததும் பச்சைத் துண்டைச் சரி செய்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேள்வி எண் எட்டு," என்றார் சுஜாதா.

துரை எழுந்துவிட்டார். "மேடம், ஏழு வர்லியே."

சுஜாதா சீட்டுகளைப் புரட்டினார். "ஏழாவது இங்க இல்லைங்க ஐயா."

"அதெப்பிடி இல்லாம பூடும்? பாய் கைல குடுத்தேன். பாய் கைல குடுத்தது எங்கியும் போவாது. மேசைக்குக் கீழ வியுந்திருக்கும், பாருங்க."

சுஜாதா குனிந்து பார்த்தார். ஹாலில் சிலர் சிரித்தார்கள். அதற்குள் ஆபிரகாம், நாற்காலியைப் பின்னால் தள்ளி, மேசையைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இறங்கி, மேசை விரிப்பைத் தூக்கித் தேட ஆரம்பித்தார். யாரோ முகம் தெரியாத விவசாயியின் சீட்டுக்காக எழுபது வயசு மனுஷர் தரையில் தடவிக்கொண்டிருந்தார். சம்பத் துரையைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவருடைய புன்னகை மாலிக்கின் பக்கமே இருந்தது. பேசாமல் நின்றால் போதும். இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் எல்லாம் முடிந்துவிடும். ஷஃபானாவின் முகம் கண்ணில் வந்தது. மாலிக்கால் நிற்க முடியவில்லை.

"தேடாதீங்க சார்." தன் குரலே அவருக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. "எங்கிட்டதான் கீது. பையில தங்கிடுச்சி."

படியேறிக் கொடுத்தார். சுஜாதா படித்தார். ஆபிரகாம் முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "பழைய வரைபடத்துல அந்தக் கால்வாய் இருக்கு. நான் பார்த்திருக்கேன். இப்ப எங்கேன்னு இந்த இடத்துக்காரங்கதான் சொல்லணும்," என்றார். பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். சம்பத் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடித்த மாதிரி மாலிக்குக்குத் தெரியவில்லை.

டீ நேரத்தில் துரை முகமெல்லாம் வெளிச்சமாக மாலிக்கைத் தேடி வந்தார். தன் பங்குச் சமோசாவை அப்படியே அவர் கையில் வைத்தார்.

"பாத்தியா பாய், அவனுங்க அமுக்கப் பாத்தானுங்க. நீ வுட்டியா? எனக்கோசரம் மேடையில ஏறிக் குடுத்துட்ட. உனக்கு வேலைல எதுனா பேஜாரு வந்தா சொல்லு, ஊரே வந்து நிக்கும்."

இதை அப்படியே விட்டிருக்கலாம். பதிவாளரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவரும் வெளியே சொல்ல மாட்டார். ஆனால் கையில் இருந்த சமோசா சுட்டது.

"அவங்க அமுக்கல அண்ணாத்த," என்றார் மாலிக். "நான்தான் எடுத்து ஒளிச்சி வெச்சிகினேன். பொண்ணு படிப்புக்காக."

துரை துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"என் பக்கத்துல குந்தி எய்தினியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாலிக்குக்குக் கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருந்திருக்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த மாசத்துலேர்ந்து நானே எய்திக்கிறேன் பாய்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நிரந்தர ஆணை அடுத்த கமிட்டிக்குப் போயிற்று. எந்தக் கமிட்டி, எப்போது கூடும் என்று கேட்க மாலிக்குக்குத் தைரியம் வரவில்லை. ஷஃபானா செங்கல்பட்டு அரசுக் கல்லூரியில் வேதியியல் சேர்ந்தாள், அப்பாவிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த ஆறு மாதக் கடிதம் செப்டம்பரில் வர வேண்டும். தபால் பையோடு பியூன் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மாலிக் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார், இன்னும் ஜூலைதான் என்று தெரிந்தும்.

ஜூலை வியாழக்கிழமை துரை வருவாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தார். அதே மூன்றாவது வரிசை, அதே ஓரத்து நாற்காலி. பேச்சு முடிந்து சீட்டு வாங்கப் போனபோது துரையின் கையில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று இருந்தது. பெரிய பெரிய எழுத்து. ஒன்று மலை ஏறியது, ஒன்று பள்ளத்தில் இறங்கியது, இரண்டு இடத்தில் பேனா அழுத்தித் தாள் கிழிந்திருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது: கால்வா எங்க.

மாலிக் கையை நீட்டினார். துரை தாளைக் கொடுக்கவில்லை, உள்ளங்கையில் விரித்துப் பிடித்தார்.

"நம்பரு மட்டும் போடு பாய். சீட்டு எங்கிட்டயே இருக்கட்டும்."

அவர் கையில் இருந்தபடியே மாலிக் மூலையில் மூன்று போட்டு வட்டம் போட்டார். தாளுக்கு அடியில் உள்ளங்கைதான் இருந்ததால் வட்டம் வட்டமாக வரவில்லை. "மூணு அண்ணாத்த," என்றார். துரை தலையாட்டி, தாளை மடித்து முஷ்டிக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் முடிந்ததும் துரை எழுந்தார். மாலிக்கைத் தாண்டி, யாரையும் கேட்காமல், மேடைப் படி ஏறினார். மாலிக் அவருக்கு முன்னால் ஓடிப்போய் மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கி வைத்தார்.